சிவப்புச் சீட்டைக் கைவிட்டுவிடாதீர்கள்

சாகன், பிம்ப்ரி, போசரி, ராஞ்சன்காவ் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,



போன ஞாயிற்றுக்கிழமை மங்கள்வார் பேட் ஜூனா பாஜாரில் உங்களில் இரண்டு பேரைப் பார்த்தேன். பேச்சில் நெல்லைச் சீமை மணந்தது. தரையில் விரித்த சாக்கின்மேல், பழைய இஸ்திரிப் பெட்டிகளுக்கும் துருப்பிடித்த ஸ்பானர்களுக்கும் நடுவில், மர உடம்போடு ஒரு பிலிப்ஸ் டிரான்சிஸ்டர் ரேடியோ கிடந்தது. ஒரு தம்பி அதை ஆசையாகக் கையில் எடுத்தார். புரட்டிப் பின்பக்கத்து எழுத்தைப் படித்தார். "மேட் இன் இந்தியாதாம்லே. ஹாலந்து சரக்குன்னு நெனச்சேன்" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். சாகனில் மின்னணுக் கருவிகள் செய்யும் ஆலை ஒன்றின் அட்டை.

அவர் வைத்துவிட்டுப் போன ரேடியோவை நான் வாங்கி வந்துவிட்டேன். அவர் சொன்ன வார்த்தையும் கூடவே வந்துவிட்டது. ஐந்தாறு நாளாக அதுதான் மனசில் ஓடுகிறது. இந்த ஊரில் உட்கார்ந்து உலகத்துக்குக் கருவி செய்து அனுப்புகிற பிள்ளைக்கே, இந்த ஊரில் செய்தது என்றால் ஒரு படி கீழே என்று தோன்றுமானால், அவர் வேலை செய்யும் மேசைக்கு என்ன மரியாதை இருக்கும்? அதனால்தான் இந்த மடல்.

நான் மதுரையில் ஐ.டி.ஐ. முடித்து 1984-ல் புனே வந்தவன். ரஸ்தா பேட்டில் நம் ஆட்கள் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கினேன். போசரியில் ஒலிபெருக்கி செய்கிற ஒரு சிறிய கம்பெனியில், முதலில் ஒட்டும் மேசையிலும் பிறகு தரச் சோதனையிலுமாகப் பத்தொன்பது வருஷம் இருந்தேன். தயாரிப்பு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனால் தரம் கெடுமா, பெயர் கெடுமா என்ற கேள்வி எனக்குப் பேப்பரில் படித்த விஷயம் கிடையாது. எங்கள் லைனே அதில்தான் நின்றுபோனது.

முதலில் அந்த ரேடியோவின் கதை. நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊரில் பல்பு செய்வதற்காக 1891-ல் தொடங்கிய கம்பெனி பிலிப்ஸ். 1930-ல் கொல்கத்தாவுக்கு வந்தது. 1938-ல் அங்கே பல்பு ஆலை போட்டது; 1948-ல் ரேடியோ செய்யத் தொடங்கியது. 1959-ல் தன் இரண்டாவது ரேடியோ ஆலையைப் புனே பக்கத்தில் அமைத்தது. 1970-ல் பிம்ப்ரியில் இன்னொரு ஆலை வந்தது. கப்பலில் கொண்டுவந்து விற்க அன்றைய சட்டமும் சுங்கமும் இடம் கொடுக்காத காலம். இங்கே விற்க வேண்டுமென்றால் இங்கேயே செய்தாக வேண்டும்.

டச்சுக்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள், அவர்களுக்குப் புனேதான் வெளிநாடு. மலிவான கூலி, பழகாத கை, வேற்றுமொழி, தூசி, மழை. இன்று நாம் மற்ற நாடுகளைப் பற்றிச் சொல்கிற அத்தனையையும் அன்று அவர்கள் நம்மைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் செய்த ரேடியோக்கள் பேட்டரி தீரும்வரை வயல்வரப்பிலும் டீக்கடையிலும் கொழும்பிலிருந்து வந்த தமிழ் ஒலிபரப்பைக் கொண்டுவந்து கொடுத்தன. நம் தாத்தா பாட்டிகள் பிலிப்ஸ் என்ற சொல்லை நம்பியதற்கு ஐந்தோவன் காரணமில்லை. அந்த ஊர் எங்கே இருக்கிறதென்றே அவர்களுக்குத் தெரியாது. விடியற்காலையில் திருகினால் பாடியது, அவ்வளவுதான். மர்ஃபி ரேடியோவும் அப்படித்தான். இங்கிலாந்தில் பிறந்த அந்தப் பெயர் தாணே ஆலையின் உழைப்பால் நம் வீடுகளில் வாழ்ந்தது. காலண்டரில் சிரித்த அந்தக் குழந்தையை உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆலை கடல் தாண்டினால் தரம் தானாகவே இறங்கிவிடும் என்ற பேச்சுக்குப் புனேயே எதிர்சாட்சி.

சரி, அப்படியானால் தரம் எங்கே இருக்கிறது? எங்கள் லைனுக்கு உங்களைக் கொஞ்சம் கூட்டிப்போகிறேன். ஒலிபெருக்கியின் உயிர் ஒரு சின்ன இடுக்கில் இருக்கிறது. காந்தத்தின் நடுத்தூணுக்கும் அதைச் சுற்றிய வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. அதற்குள் செம்புக் கம்பி சுற்றிய வாய்ஸ் காயில் முன்னும் பின்னும் ஓட வேண்டும், எதிலும் படக்கூடாது. அதை மையத்தில் நிறுத்த, இடுக்கில் ஒரு ஃபிலிம் ஷிம்மைச் சொருகி, ஸ்பைடரையும் கோனையும் பசை போட்டு ஒட்டி, பசை காய்ந்தபின் ஷிம்மை உருவி எடுத்து, மேலே டஸ்ட் கேப்பை ஒட்டுவோம். பசை முழுசாகக் காயும்முன் ஷிம்மை உருவினால் காயில் ஒரு மயிரிழை சாய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. மீட்டரில் ஓம் கணக்கு சரியாகவே இருக்கும். பாட்டுப் போட்டால் முதல் நாள் நன்றாகத்தான் பாடும். அடித்தொண்டையில் ஒரு தவில் அடி விழும்போதுதான் உள்ளே அந்த உரசல் கேட்கும்.

அதைக் கண்டுபிடிக்க லைனின் கடைசியில் ஒரு மராட்டிய அம்மா உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் அவர் மாவ்ஷி, நம் பாஷையில் சித்தி. ஆளந்தியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒன்பது கஜப் புடவை, எவர்சில்வர் டிபன் டப்பா, ஏழாம் வகுப்புப் படிப்பு. ஒலிபெருக்கியை மேசையில் மல்லாத்தி வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் கோனை மெல்ல அழுத்தி விடுவார். பிறகு ஸ்வீப் டோனைப் போடுவார். பாதாளத்திலிருந்து ஏறி வருகிற அந்த ஒற்றைச் சத்தம் மேலே போகப் போக மாவ்ஷியின் கண் மூடிக்கொள்ளும். எங்காவது ஒரு நொடி முகம் சுளிக்கும். "ஹா ரட்தோய்" என்பார். இவன் அழுகிறான் என்று அர்த்தம். சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவார். எங்களுக்கு ஒன்றுமே கேட்டிருக்காது. மறுபடி போட்டு, அவர் சொன்ன இடத்தில் காதைப் பக்கத்தில் கொண்டுபோனால், ஆமாம், உள்ளே ஒரு விம்மல்.

அந்த அம்மா ஒட்டிய சிவப்புச் சீட்டை யாரும் கிழிக்க முடியாது. முதலாளியின் மகனே ஒரு மாதக்கடைசியில் வந்து நின்று கேட்டும், அந்தப் பெட்டி அன்று வண்டி ஏறவில்லை. எங்கள் சரக்குக்குச் சந்தையில் இருந்த பெயர் அந்தச் சீட்டிலிருந்து வந்தது.

மாவ்ஷி ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்கு ஆள் போடவில்லை. ஐம்பதில் ஒன்றை எடுத்து மீட்டரில் பார்த்தால் போதும் என்று முடிவானது. அதே வருஷம் பசையும் மாறியது. பழைய பசையைவிட விலை குறைவு, சீக்கிரம் காயும் என்றார்கள். வெயில் காலத்தில் காய்ந்தது உண்மைதான். ஜூன் மழை இறங்கியபின் புனேக் காற்று எப்படி நசநசத்துப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பசை காயவில்லை என்று நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது முறை எழுதவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்றாவது கடிதத்தை எழுதாததற்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

தீபாவளி நெருங்கும்போது பெட்டிகள் திரும்பி வந்தன. கோன் ஓரம் பெயர்ந்து, காயில் சிக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன. அடுத்த வருஷம் எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஆர்டரைச் சீனாவுக்குக் கொடுத்துவிட்டார். கேன்டீனில் உட்கார்ந்து எல்லோரும் சீனாவைத் திட்டினோம். நானும் திட்டினேன். தரம் எங்களைவிட்டு முந்தைய வருஷமே, மாவ்ஷியின் நாற்காலி காலியான அன்றே, கிளம்பிப் போய்விட்டது என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. ஆர்டர் பின்னால் போய்ச் சேர்ந்தது.

இதை வைத்துக்கொண்டு வெளியுலகத்தைப் பாருங்கள். இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் ஊரில் பிறந்த கெஃப் கம்பெனியை 1992-ல் ஹாங்காங்கின் கோல்ட் பீக் வாங்கியது. 2012-ல் வந்த எல்.எஸ். 50 என்ற சிறிய ஒலிபெருக்கியை வடிவமைத்தது மெய்ட்ஸ்டன், செய்தது சீனா. கேட்டவர்கள் கொண்டாடினார்கள். ஜெர்மனியின் சென்ஹைசர் தன் புகழ்பெற்ற எச்.டி. 600 ஹெட்ஃபோன் குடும்பத்தை அயர்லாந்தின் டல்லமோர் ஆலையில் செய்தது. அதனால் அதன் மதிப்பு குறையவில்லை. அதேபோல, அமெரிக்காவிலேயே செய்த பழைய ஒலிபெருக்கிகள் பலவற்றில் கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் பத்துப் பதினைந்து வருஷத்தில் நம் ஊர்ப் புழுக்கத்தில் உளுத்து மாவாக உதிர்ந்ததை என் கையாலேயே துடைத்திருக்கிறேன். அதன் பின்பக்கத்திலும் பிறந்த நாட்டின் பெயர் பளபளவென்றுதான் இருந்தது.

ஆனால் ஆலை போவதால் இழப்பே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியன்னாவைப் பாருங்கள். ஏ.கே.ஜி. அங்கே 1947-ல் தொடங்கியது. 1953-ல் வந்த சி-12 மைக், பாடகர்களின் குரலை வாங்குவதில் ஒரு அளவுகோலாகவே ஆனது. 1994-ல் அந்தக் கம்பெனியை அமெரிக்காவின் ஹர்மன் வாங்கியது. 2017-ல் ஹர்மனையே 800 கோடி டாலருக்குச் சாம்சங் வாங்கியது. உங்களில் சிலர் வேலை பார்க்கும் சாகன் ஆலையும் இந்த ஹர்மனுடையதுதான். கார்களுக்கான ஒலிக்கருவிகள் அங்கிருந்து போகின்றன. அதே 2017-ல் வியன்னாவில் ஏ.கே.ஜி.யின் கதவு மூடியது. அங்கே வேலை பார்த்தவர்களில் இருபத்திரண்டு பேர் வீட்டுக்குப் போய்விடவில்லை. அதே ஊரில் ஆஸ்ட்ரியன் ஆடியோ என்று ஒரு கம்பெனியைத் தொடங்கி, 2019-ல் தங்கள் முதல் மைக்குகளைக் கொண்டுவந்தார்கள். ஏ.கே.ஜி. மைக் கெட்டுப்போனது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் ஆதாரம் என்னிடம் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. ஒரே வீட்டில் இருந்த பெயரும் கைப்பக்குவமும் அன்று தனித்தனியாகப் பாகம் பிரிந்தன. பெயர் ஒப்பந்தத்தோடு போனது. பக்குவம் ஆட்களோடு நின்றது.

இங்கிலாந்தில் 1915-ல் தொடங்கி, சுவிண்டனில் வளர்ந்த கர்ராட் கம்பெனியின் கதை இன்னும் நீளம். அவர்களுடைய 301, 401 டர்ன்டேபிள்களை இன்றும் ரசிகர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். 1979-ல் அந்தப் பெயர் பிரேசிலின் கிராடியெண்டே கம்பெனிக்கு விற்கப்பட்டது. கர்ராட் என்றால் தலைநிமிர்ந்து பார்த்த உலகம் மெல்ல மறந்துபோனது. இந்தக் கதையில் புனே நுழைகிற இடம் ஒன்று உண்டு. இந்த ஊர்த் தொழிலதிபர் அஜய் ஷிர்கேயை நீங்கள் கிரிக்கெட் வாரியத்தின் முன்னாள் செயலாளராகத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேடன்ஸ் என்ற பெயரில் உயர்ரக ஒலிபெருக்கிகளை இங்கே செய்தவர் அவர். 2016-ல் அவருடைய குழுமம், இங்கிலாந்தில் 1946-ல் தொடங்கி, டோன்ஆர்ம் செய்து பேர்பெற்ற எஸ்.எம்.இ. கம்பெனியை வாங்கியது. பிறகு கர்ராட் பெயரும் எஸ்.எம்.இ.யின் கூரைக்குக் கீழே வந்தது. நம் ஊர்க்காரர் கையில் வந்துவிட்டதே என்று ஆலையைச் சாகனுக்குத் தூக்கிவரவில்லை. ஸ்டெய்னிங் என்ற அந்தச் சின்ன ஊரிலேயே, அதே கைகள்தான் கடைந்துகொண்டிருக்கின்றன. கூலி மிச்சம் பண்ணியிருக்கலாம். அந்தக் கைகளைத்தான் அவர் விலைகொடுத்து வாங்கினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு புனேக்காரர் செய்த காரியமாக இதில் எனக்குப் பெருமை உண்டு.

பிம்ப்ரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2001 ஏப்ரல் 1 முதல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. கப்பல் கப்பலாகச் சரக்கு வந்து இறங்கியது. 2006 வாக்கில் பிலிப்ஸின் பிம்ப்ரி ஆலை ஓய்ந்துவிட்டது. அதன்பின் பெயர் பட்ட பாட்டைக் கேளுங்கள். 2013-ல் பிலிப்ஸ் தன் ஒலி, ஒளிக் கருவித் தொழிலை ஜப்பானின் ஃபுனாயிக்கு விற்கப் பேசி, அது முறிந்தது. 2014-ல் கிட்டார் செய்யும் கிப்சன் அதை எடுத்துக்கொண்டது. 2018-ல் கிப்சன் திவால் மனு கொடுத்தது. பெயர் டி.பி.வி. என்ற கம்பெனியின் கைக்குப் போனது. கேசட்டை 1963-ல் உலகத்துக்குக் கொடுத்த பெயர், சி.டி.யை சோனியோடு சேர்ந்து 1982-ல் கொண்டுவந்த பெயர், வாடகை வீடு மாறுவதுபோல வீடு மாறியது. சான்சுய் என்ற ஜப்பானியப் பெயரை வீடியோகான் நம் ஊரில் டிவியில் ஒட்டி விற்றதும் இந்த வகைதான். வாங்குகிறவர் பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார். அந்தப் பெயருக்குப் பின்னால் இன்று யார் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை.

தெரிய வழியில்லாத வாடிக்கையாளரை நம் சந்தை எப்படி நடத்தியது என்பதும் எனக்கு ஆறாத வருத்தம். பாசோட்யா விட்டோபா கோயில் பக்கத்துக் கடைகளில் ஒரு காலத்தில் டூ-இன்-ஒன் பெட்டிகள் அடுக்கி வைத்திருப்பார்கள். முகப்பில் கொட்டை எழுத்தில் 1,000 வாட்ஸ், 2,000 வாட்ஸ், பக்கத்திலேயே பி.எம்.பி.ஓ. என்று ஒட்டியிருக்கும். சுவரில் செருகுகிற பிளக் வழியாக முப்பது நாற்பது வாட் மின்சாரம் இழுக்கிற பெட்டி இரண்டாயிரம் வாட்டை எங்கிருந்து கொடுக்கும்? கண்ணிமைக்கும் நேரத்தில் எழுந்து அடங்கும் ஒரு கற்பனை உச்சத்தை எண்ணாக்கி ஒட்டினார்கள். ரிக்‌ஷா ஓட்டுகிறவர் சேர்த்த காசில் அதை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். சிலது வெளிநாட்டுச் சரக்கு, சிலது உள்ளூர்ச் சரக்கு. பொய்க்கு நாடு கிடையாது. 2012-ல் வந்த கட்டாயப் பதிவு ஆணை சில ஒலிக்கருவிகளையும் சேர்த்துக்கொண்டது நல்ல காரியம். ஆனால் அதற்கான தரநிலை (அன்று ஐ.எஸ். 616) மின்சாரம் தாக்குமா, தீப்பிடிக்குமா என்றுதான் பார்க்கிறது. பாட்டு எப்படிக் கேட்கிறது என்று பார்க்க உங்களைத் தவிர ஆள் இல்லை.

தம்பி, தங்கச்சி, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் எது என்று யோசியுங்கள். அன்று ஐந்தோவனுக்குப் புனே எப்படியோ, இன்று அமெரிக்காவுக்கும் கொரியாவுக்கும் ஜெர்மனிக்கும் நீங்கள் அப்படி. எங்கோ ஒருவர் தன் காரில் ஏறிப் பாட்டைப் போடுகிறார். முகப்பில் இருக்கும் பெயரை அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கை உங்கள் சால்டரிங் முனையில் இருக்கிறது. "வெளிநாட்டில் செய்தது" என்று அவர் முகம் சுளிப்பாரோ என்று நீங்கள் குன்றிப்போக வேண்டாம். பிலிப்ஸின் பிம்ப்ரி, லோணி காள்போர் ஆலைகளில் நமக்கு முன்னே வேலை செய்தவர்கள் குன்றிப்போகவில்லை.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். உங்கள் லைனின் கடைசி நாற்காலி யாருடையது, அதில் உட்கார்ந்தவர் "வேண்டாம்" என்றால் வண்டி நிற்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிற்காது என்று பதில் வந்தால், மேலாளரிடம் பேசுங்கள். மரியாதையாக, எழுத்தில், மூன்றாவது முறையும். பசை, கண்டென்சர், கம்பி, எது மாறினாலும் மாறிய தேதியை உங்கள் நோட்டில் குறித்துவையுங்கள். விலை குறைந்ததால் மாறியதா, சரக்கு மேம்பட்டதால் மாறியதா என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் இப்போது மைக் வைத்து உரசலைக் கண்டுபிடிக்கிறது, எனக்குத் தெரியும். நல்லதுதான், மாவ்ஷிக்கும் காய்ச்சல் வரும், கம்ப்யூட்டருக்கு வராது. ஆனால் எந்த அளவு வரை விடலாம் என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு எண் போடுகிறவர் ஒரு மனிதர். மாதக்கடைசியில் அந்த எண்ணைத் தளர்த்துகிறார்களா என்று ஒரு கண் வைத்திருங்கள். அதுதான் இன்றைய சிவப்புச் சீட்டு.

இன்னொன்று. பிம்ப்ரி, லோணி ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயது. சிஞ்ச்வாட் தோட்டத்து பெஞ்சுகளில் மாலை நேரம் உட்கார்ந்திருப்பார்கள். மராட்டி, கன்னடம், நம் பாஷைக்காரர்களும் உண்டு. அவர்களில் யாரையாவது உங்கள் பயிற்சி வகுப்புக்கு ஒருநாள் கூப்பிடுங்கள். கையில் ஒரு ஒலிபெருக்கியைக் கொடுத்துப் பாருங்கள். இந்தக் காதுகள் போய்விட்டால் எந்த நாட்டிலிருந்தும் திரும்ப வரவழைக்க முடியாது.

ஜூனா பாஜாரில் பார்த்த தம்பிக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த ரேடியோவை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். இரண்டு எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காய்ந்துபோயிருந்தன. அது வயசுக் கோளாறு, மாற்றிவிட்டேன். மற்றபடி உள்ளே ஒரு சால்டரும் பெயரவில்லை. ஒவ்வொரு முனையும் இன்றைக்கு வைத்ததுபோல மினுக்கிக்கொண்டிருக்கிறது. மூடியின் உட்பக்கத்தில், வாங்கினவர் கண்ணில் என்றைக்கும் படாத இடத்தில், ஊதா மையில் ஒரு சிறிய வட்ட முத்திரை, நடுவில் ஒரு எண். சோதித்தவருடைய எண்ணாக இருக்கும். இப்போது காலையில் ஆகாசவாணி புனே நன்றாக எடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லையென்றால், ரஸ்தா பேட் ஐயப்பன் கோயில் பக்கம் வந்து, ரேடியோ பழுது பார்க்கிற மதுரைக்காரர் வீடு எது என்று கேளுங்கள். மூடியை மாட்டாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
போசரியில் லைன் பார்த்த ஒரு அண்ணன்